வெள்ளிக்கிழமை டப்பா

எங்கள் பள்ளி இருப்பது ஆத்தூரில். சேலம் பக்கத்து ஆத்தூர் அல்ல. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் முக்காணியைத் தாண்டி, தாமிரபரணிப் பாலத்தில் ஏறி இறங்கினால் வரும் ஆத்தூர். ஒரு பக்கம் வாழைத் தோட்டம், வெற்றிலைக் கொடிக்கால். கிழக்கே ஆறு கடலில் சேரும் புன்னைக்காயல். தெற்கே போனால் ஆறுமுகநேரி உப்பளங்கள். என் வகுப்பில் கொடிக்கால் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும் உண்டு, உப்பளத்துப் பிள்ளைகளும் உண்டு, கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும் உண்டு.

எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் நான் அறிவியல் ஆசிரியை. என் மேசையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. வாரம் முழுக்கப் பிள்ளைகள் தாங்கள் பார்த்தது, கேட்டது, புரியாதது எதையும் துண்டுச் சீட்டில் எழுதி அதில் போடலாம். பெயர் எழுத வேண்டாம். ஆனால் எங்கே பார்த்தோம், யார் சொன்னார்கள் என்பதை மட்டும் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் டப்பாவைத் திறப்போம்.

தொடங்கும்போது சினிமாவும் கிரிக்கெட்டும்தான் வரும் என்று நினைத்தேன். வந்தன. ஆனால் சினிமா பற்றிய சீட்டு வரலாற்றில் போய் முடியும். கிரிக்கெட் சீட்டு கணக்குப் பாடத்தில் போய் நிற்கும். அறிவியல், உடல்நலம், பொழுதுபோக்கு, விளையாட்டு, செல்போன் என்று முதலில் ஐந்து உறைகள் ஒட்டி வைத்தேன். மூன்றாவது வாரமே அவற்றைக் கிழித்துவிட்டேன். எந்தச் சீட்டும் ஒரே உறைக்குள் அடங்கவில்லை.

அந்தச் சீட்டுகளில் சிலவற்றையும், அவற்றுக்குப் பதில் தேடப்போய் நான் கற்றதையும் இங்கே எழுதுகிறேன். நான் தவறாகச் சொன்ன பதில்களும் இதில் உண்டு.

“டீச்சர், ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட் விடுத எடம் இருக்கும்போது எதுக்குக் குலசையிலயும் கட்டுதாங்க? நியூஸ்ல பாத்தேன்.”

குலசேகரன்பட்டினம் எங்களுக்குத் தசரா ஊர். வேடம் கட்டிக் காணிக்கை எடுத்துப் போகிற ஊர். இங்கிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதே நாளில் ஆர்.எச்.200 என்ற சிறிய ஆய்வு ராக்கெட் ஒன்றையும் அங்கிருந்து ஏவினார்கள். அது வளிமண்டலத்தின் மேலடுக்குகளை ஆராய்ந்துவிட்டு விழுந்துவிடும் வகை. செயற்கைக்கோளைச் சுமந்து செல்லும் ராக்கெட் எதுவும் இன்னும் குலசையிலிருந்து கிளம்பவில்லை. இதைப் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அந்தச் சீட்டுக்கு நான் உடனே பதில் சொன்னேன்: “குலசை பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே பூமி வேகமாகச் சுழல்வதால் ராக்கெட்டுக்குக் கூடுதல் உந்துதல் கிடைக்கும்.” செய்தித்தாள்களிலும் இப்படிப் படித்த நினைவு. பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போன பிறகுதான் உறுத்தியது. எவ்வளவு கூடுதல்? கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பூமியின் சுற்றளவு நடுக்கோட்டில் சுமார் 40,000 கிலோமீட்டர். 24 மணி நேரத்தில் ஒரு சுற்று. அப்படியானால் மணிக்கு 1,667 கிலோமீட்டர், அதாவது நொடிக்குச் சுமார் 463 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து விலக விலகச் சுற்றும் வட்டம் சிறிதாகும். அட்சரேகையின் கொசைன் மதிப்பால் பெருக்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டா 13.7 பாகையில் இருக்கிறது. அங்கே நொடிக்கு 450 மீட்டர். குலசை 8.4 பாகையில், அங்கே 458 மீட்டர். வித்தியாசம் நொடிக்கு எட்டே மீட்டர். தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஒரு செயற்கைக்கோள் நிற்க நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேல் வேகம் வேண்டும். 7,500 மீட்டர் தேவைப்படும் இடத்தில் எட்டு மீட்டருக்காகவா இவ்வளவு பெரிய ஏவுதளம் கட்டுவார்கள்? அதுவும் பூமியின் சுழற்சி கிழக்கு நோக்கி ஏவினால்தான் உதவும். குலசையிலிருந்து பெரும்பாலும் ஏவப் போவது தெற்கு நோக்கி.

அடுத்த வெள்ளிக்கிழமை பலகையில் பழைய பதிலை எழுதி அதன் குறுக்கே கோடு போட்டேன். இந்தியாவின் வரைபடத்தைத் தொங்கவிட்டு, ஸ்ரீஹரிகோட்டாவில் ஒரு நூலின் நுனியை வைத்துத் தெற்கே இழுக்கச் சொன்னேன். நூல் நேராக இலங்கையின் மேல் போய் விழுந்தது. குலசையில் வைத்து இழுத்தால் கடல், கடல், கடைசியில் அண்டார்க்டிகா. காரணம் இதுதான்.

துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் செயற்கைக்கோள்கள்தான் பூமியைப் படம் எடுக்க ஏற்றவை. பூமி கீழே சுழல, அவை வடக்கு தெற்காகச் சுற்றினால் நாளடைவில் உலகம் முழுவதையும் பார்த்துவிடலாம். அதற்கு ராக்கெட் தெற்கே போக வேண்டும். பறக்கும் வழியில் எரிந்து முடிந்த பாகங்கள் கீழே விழும் என்பதால் மக்கள் வாழும் நிலத்தின் மேல் போகக் கூடாது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போகும் ராக்கெட் முதலில் தென்கிழக்கே போய், இலங்கையைச் சுற்றிக்கொண்டு, பிறகுதான் தெற்கே திரும்புகிறது.

“ஸ்ரீவைகுண்டம் சுத்தித் திருச்செந்தூர் போற மாதிரி” என்றான் ஒருவன். நல்ல உவமைதான். ஆனால் முழுதும் சரியில்லை. பஸ் சுற்றிப் போனால் தூரம்தான் கூடும். ராக்கெட்டுக்குத் தூரத்தைவிடத் திரும்புவதுதான் செலவு. வேகமாக ஓடுகிறவனைச் சட்டென்று பக்கவாட்டில் திரும்பச் சொல்லிப் பாருங்கள். கபடி ஆடும் பையன்கள் இதை உடனே பிடித்துக்கொண்டார்கள். மெல்ல நடக்கும்போது திரும்புவது எளிது. பாய்ந்து ஓடும்போது திரும்பினால் காலில் எவ்வளவு விசை விழும் என்று அவர்களுக்குத் தெரியும். ராக்கெட்டுக்கு ஊன்றிக்கொள்ளத் தரையும் கிடையாது. எரிபொருளை எரித்துத்தான் திரும்ப வேண்டும்.

பி.எஸ்.எல்.வி. பெரியது. இந்தச் செலவைத் தாங்கிக்கொண்டும் துருவச் சுற்றுப்பாதைக்கு 1,750 கிலோ வரை சுமக்கும். குலசைக்கு வரப்போகும் எஸ்.எஸ்.எல்.வி. சிறியது: உயரம் 34 மீட்டர், எடை சுமார் 120 டன், 500 கிலோமீட்டர் உயரத்துக்கு 500 கிலோ வரை கொண்டுபோக வடிவமைக்கப்பட்டது. அது வளைந்து போனால் சுமைக்கு மிஞ்சுவது மிகக் குறைந்துவிடும்.

இந்த எஸ்.எஸ்.எல்.வி.யின் கதையை வகுப்பில் முழுதாகச் சொல்லுங்கள். 2022 ஆகஸ்ட் 7 அன்று அதன் முதல் பயணம் தோல்வி. செயற்கைக்கோள்கள் நிலையான பாதையில் சேரவில்லை. அதில் இந்தியா முழுவதும் அரசுப் பள்ளிகளில் படிக்கும் 750 மாணவிகள் சேர்ந்து உருவாக்கிய ஆசாதிசாட் இருந்தது. அதுவும் போனது. மறுபடியும் செய்தார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாவது எஸ்.எஸ்.எல்.வி., ஆசாதிசாட்-2ஐச் சரியாகக் கொண்டுபோய் விட்டது. 2024 ஆகஸ்ட் 16 அன்று மூன்றாவதும் வெற்றி. இதைச் சொன்னபோது வகுப்பில் பெண்பிள்ளைகள் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒருத்தி கேட்டாள், “மொதல்ல செஞ்சது போனப்ப அவங்க அழுதிருப்பாங்களா டீச்சர்?”

அடுத்தது ஒரு வீடியோ. மாணவி ஒருத்தி தன் மாமாவின் போனில் வந்ததாகச் சொன்னாள். குலசையிலிருந்து ராக்கெட் கிளம்புகிறது, திருச்செந்தூர் கோபுரத்துக்குப் பின்னால் கடலுக்கு மேல் நெருப்பைக் கக்கிக்கொண்டு எழும்புகிறது. “இது உண்மையா?” என்று சீட்டு.

பொய் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அடுத்த வீடியோவுக்கு நான் அவர்கள் பக்கத்தில் இருக்க மாட்டேனே. அதனால் கேட்டேன்: “கோபுரத்துக்குப் பின்னால கடல் தெரிஞ்சா நாம எந்தத் திசையப் பாத்து நிக்கோம்?” கிழக்கு என்றார்கள். ராஜகோபுரம் கோயிலின் மேற்குப் பக்கம் இருக்கிறது, கடல் கிழக்கே. “குலசை எந்தப் பக்கம்?” தெற்கே. அப்படியானால் ராக்கெட் படத்தின் வலது பக்கத்துக்கும் வெளியே, நிலத்தின் மேல் அல்லவா தெரிய வேண்டும்? கடலுக்குள்ளிருந்து எப்படி எழும்? செயற்கை நுண்ணறிவு எவ்வளவு அழகாகப் படம் வரைந்தாலும் அதற்குத் திருச்செந்தூர் போகும் வழி தெரியவில்லை என்று சிரித்தார்கள்.

செயற்கைப் படங்களைக் கண்டுபிடிக்க விரல்களை எண்ணு, எழுத்துகளைப் பார் என்றெல்லாம் பயிற்சிகளில் சொல்லித் தருகிறார்கள். அந்தக் குறைகள் மாதத்துக்கு மாதம் சரியாகிக்கொண்டே வருகின்றன. இனி அவற்றை மட்டும் நம்பிப் பயனில்லை. மாறாதவை நம் ஊரின் திசை, தேதி, வானிலை. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, அன்றைக்கு மழை பெய்ததா, அந்தச் சாலையில் அப்படி ஒரு கடை இருக்கிறதா என்று உள்ளூர்ப் பிள்ளைகள் கேட்கலாம். அதோடு, ஒரு பெரிய நிகழ்ச்சியை ஒரே ஒரு கேமரா மட்டும்தான் எடுத்திருக்குமா என்ற கேள்வியும். குலசையில் ராக்கெட் கிளம்பினால் இந்தக் கடற்கரையில் படம் எடுக்காத ஆள் இருக்க மாட்டார்.

இப்போது சொல்லப்போவதை எழுதத் தயக்கமாகத்தான் இருந்தது.

சென்ற கோடையில், பள்ளி முடிவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குக் காலையிலிருந்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும். அவள் அம்மா உப்பளத்தில் இருந்தார், போன் எடுக்கவில்லை. பையன் ஒருவனிடம் பணம் கொடுத்து, “கடையில் ஓ.ஆர்.எஸ். வாங்கிட்டு வா” என்று அனுப்பினேன். அட்டைப் பெட்டியில் அடைத்த பானம் ஒன்றை வாங்கி வந்தான். பெரிய எழுத்தில் ஓ.ஆர்.எஸ். என்று இருந்தது. ஆரஞ்சுச் சுவை. அவளும் விரும்பிக் குடித்தாள். இன்னொன்றும் வாங்கிக் கொடுத்தேன். மதியத்துக்குள் போக்கு அதிகமாகிக் கண்கள் குழிவிழ ஆரம்பித்தன. ஆட்டோவில் வைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். செவிலியர் முதலில் கேட்ட கேள்வி, “என்னத்தக் குடுத்தீங்க டீச்சர்?” பெட்டியைக் காட்டினேன். திருப்பிப் பின்பக்கத்தைப் படித்துக் காட்டினார். சிறிய எழுத்தில் அது பழச்சாறு கலந்த பானம், வயிற்றுப்போக்குக்கு ஏற்றதல்ல என்று இருந்தது. அவள் மாலைக்குள் தேறிவிட்டாள். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. சவ்வூடு பரவலைப் பதினைந்து வருடமாகப் பாடம் நடத்துகிறவள் நான்.

ஓ.ஆர்.எஸ். எப்படி வேலை செய்கிறது என்பது சவ்வூடு பரவல் பாடத்தோடு நேராகச் சேர்வது. வயிற்றுப்போக்கில் உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வெளியேறுகின்றன. வெறும் தண்ணீர் குடித்தால் குடல் அதைப் பிடித்து வைக்காது. சிறுகுடலின் சுவரில் சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் ஒரு வாசல் இருக்கிறது. குளுக்கோஸ் வந்தால் சோடியம் கூடவே உள்ளே போகும்; சோடியம் போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். காலராவிலும்கூட இந்த வாசல் கெடுவதில்லை. இதுதான் முழு ரகசியம்.

ஆனால் சர்க்கரையின் அளவு கூடினால் கதை தலைகீழாகிவிடும். குடலுக்குள் இருக்கும் திரவம் இரத்தத்தைவிடச் செறிவாகி, உடம்பிலிருக்கும் தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். உப்பளத்துப் பிள்ளைகளுக்கும் கருவாடு போடுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதை விளக்க ஒரு நிமிடம் போதும். மீனில் உப்பைப் போட்டால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மீனுக்குள் இருந்து. சர்க்கரையும் அதையே செய்யும். உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, நடுவில் குழி தோண்டி, ஒன்றில் மட்டும் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு வையுங்கள். ஒரு பாடவேளைக்குள் அந்தக் குழியில் நீர் ஊறி நிற்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் சொல்லிவரும் அளவு: ஒரு லிட்டர் தண்ணீருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். பொட்டலத்தில் இந்த எண்கள் இருக்கின்றனவா என்று பார்க்கப் பிள்ளைகளுக்கே சொல்லித் தந்துவிடலாம். பொட்டலம் கிடைக்காத அவசரத்தில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. உப்பு இதைவிடக் கூடக் கூடாது. சுகாதார நிலையத்தில் பொட்டலம் இலவசமாகவே கிடைக்கிறது. இப்போது எங்கள் முதலுதவிப் பெட்டியில் பத்துப் பொட்டலங்கள் இருக்கின்றன, காலாவதித் தேதியைப் பார்ப்பது ஒரு மாணவியின் பொறுப்பு.

1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையில் அகதி முகாம்களில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே குடிக்கக் கொடுக்க வைத்தார். அந்த முகாமில் நூற்றுக்கு முப்பது பேர்போல இறந்துகொண்டிருந்த நிலை மாறி, நான்கு பேருக்கும் கீழே வந்தது. 2022இல் அவர் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்மவிபூஷண் அறிவிக்கப்பட்டது. எங்கள் வகுப்பில் யாருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்கவில்லை.

பானங்களின் பெயரில் இருந்த குழப்பத்தைப் பற்றி ஹைதராபாதைச் சேர்ந்த குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபர் 14 அன்று உணவுப் பாதுகாப்பு ஆணையம், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுக்குப் பொருந்தாத எந்தப் பானத்தின் பெயரிலும், முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கூட, ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகள் இருக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அந்த வாரம் டப்பாவில் நான்கு சீட்டுகள் இதைப் பற்றியே இருந்தன. அன்று கடைக்கு ஓடிய பையனின் கையெழுத்து எனக்குத் தெரியும். “டீச்சர், நான் வாங்கிட்டு வந்தது அதுதானா?” என்று எழுதியிருந்தான். வாங்கியது நீ, வாங்கச் சொன்னது நான், படிக்காமல் கொடுத்ததும் நான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் இந்தியப் பெண்கள் அணி தென் ஆப்பிரிக்காவை 52 ரன் வித்தியாசத்தில் வென்று உலகக் கோப்பையை எடுத்தபின் பெண்பிள்ளைகளின் சீட்டுகளில் கிரிக்கெட் கூடிவிட்டது. அதில் ஒன்று: “பந்து ஸ்டம்புல படுதுன்னு கம்ப்யூட்டரே காட்டுது. அப்புறமும் ஏன் அம்பயர் சொன்னதுதான் சரின்னு விடுதாங்க?”

நானும் இதைக் கேட்டு எரிச்சல்பட்டவள்தான். விஷயம் இதுதான்: பந்து காலில் பட்டு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு திரையில் நாம் பார்ப்பது நடந்ததல்ல; நடந்திருக்கக்கூடியது. மைதானத்தைச் சுற்றிப் பல கேமராக்கள் ஒரே நேரத்தில் பந்தைப் படம் எடுக்கின்றன. நம் இரண்டு கண்களும் சேர்ந்து தூரத்தை அறிவதுபோல, வெவ்வேறு கோணப் படங்களிலிருந்து ஒவ்வொரு கணத்திலும் பந்து இருந்த இடத்தைக் கணினி கணிக்கிறது. பிறகு அந்தப் புள்ளிகளை இணைக்கும் வளைகோட்டை முன்னே நீட்டுகிறது. நீட்டும்போது பிழையும் நீள்கிறது. அதனால்தான் பந்தில் பாதிக்கும் குறைவாக ஸ்டம்பில் படும் என்று கணிப்பு வந்தால் நடுவரின் முடிவை மாற்றாமல் விடுகிறார்கள்.

சொன்னால் நம்பவில்லை. பெஞ்சு ஒன்றைச் சற்றே சரித்து, ரப்பர் பந்தை உருட்டி, பாதையின் ஒரு பகுதியைச் செய்தித்தாளால் மூடினோம். பந்து எங்கே வெளியே வரும் என்று சாக்பீசால் குறிக்க வேண்டும். கடைசி ஒரு சாண் மட்டும் மூடியிருந்தபோது எல்லாருடைய குறியும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தது. முக்கால் பாதையை மூடியபோது குறிகள் பெஞ்சின் அகலம் முழுக்கச் சிதறின. “பந்து பிட்ச் ஆன உடனே கால்ல பட்டா கம்ப்யூட்டருக்கும் கஷ்டந்தான்” என்று ஒருத்தி முடித்து வைத்தாள். மழை முன்னறிவிப்பு ஐந்தாம் நாளுக்கு ஏன் தடுமாறுகிறது என்பதையும் இதே பெஞ்சில் விளக்கலாம்.

சினிமாச் சீட்டுகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, ஒன்றைத் தவிர. 2025 தீபாவளிக்கு வந்த ‘பைசன் காளமாடன்’ படத்தைப் பார்த்துவிட்டு, “அதுல வாறது எல்லாம் நெசமா?” என்று கேட்டிருந்தார்கள். நம் மாவட்டத்து மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவியது அந்தப் படம். 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் அவர் இருந்தார். 1995இல் அர்ஜுனா விருது பெற்றார். இது பதிவில் உள்ள செய்தி. படத்தின் நாயகனுக்கு வேறு பெயர். அதில் கற்பனையும் கலந்திருக்கிறது. ஏட்டில் இரண்டு கட்டம் போட்டு, சரிபார்க்க முடிந்தது ஒரு பக்கம், படத்தில் மட்டும் உள்ளது மறுபக்கம் என்று எழுதச் சொன்னேன். உடற்கல்வி ஆசிரியர் இடையில் வந்து, “கபடி கபடின்னு பாடும்போது மூச்ச விடுதியா, இழுக்கியா?” என்று கேட்டு அதையும் ஒரு சோதனையாக மாற்றிவிட்டார். ஒரு ரெய்டுக்கு முப்பது நொடி. எத்தனை பேரால் ஒரே மூச்சில் முப்பது நொடி பாட முடிந்தது என்று கேட்காதீர்கள். எனக்குப் பதினொன்று.

மேகம் கறுத்தால் எங்கள் பிள்ளைகளிடமிருந்து வேறு மாதிரிச் சீட்டு வரும். 2023 டிசம்பர் 17, 18 இங்கே யாருக்கும் மறக்கவில்லை. பதினெட்டாம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை. எங்கள் மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரியைவிட அதிகமான மழை காயலில் ஒரே நாளில் கொட்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நாட்கணக்கில் நின்றது. இங்கே வாழையும் கொடிக்காலும் தண்ணீருக்குள் போயின.

“95 சென்டிமீட்டர்னா இடுப்பளவுதானே டீச்சர்? எங்க வீட்டுல கழுத்தளவு நின்னுச்சே. அப்ப அளந்தது தப்பா?” இது ஒரு சீட்டு. இதைவிட நல்ல கேள்வி எனக்கு அந்த ஆண்டு வரவில்லை.

95 செ.மீ. என்பது, விழுந்த நீர் எங்கும் ஓடாமல், மண்ணில் இறங்காமல் விழுந்த இடத்திலேயே நின்றால் இருக்கும் உயரம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். அப்படியானால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 950 லிட்டர். ஆனால் நீர் நிற்காது; பள்ளத்துக்கு ஓடும். மேட்டில் விழுந்ததும், மேற்கே பெய்ததும், ஆற்றில் வந்ததும், குளம் உடைந்து வந்ததும் சேர்ந்து தாழ்ந்த வீட்டில் கழுத்தளவு நிற்கும். மழைமானி விழுந்ததை அளக்கிறது. அவன் வீட்டுச் சுவர்க் கறை வந்து சேர்ந்ததை அளக்கிறது. இரண்டும் சரி. சுவரில் இன்னும் இருக்கும் அந்தக் கறையின் உயரத்தை அளந்து வரச் சொன்னேன். தெருவாரியாக எழுதிப் பார்த்தபோது ஆத்தூரின் மேடுபள்ளம் எங்கள் ஏட்டில் தெரிய ஆரம்பித்தது. அடுத்த முறை தண்ணீர் வந்தால் எந்தத் தெருக்காரர்கள் முதலில் கிளம்ப வேண்டும் என்று பிள்ளைகளே பேசிக்கொண்டார்கள். அந்தத் தாளின் நகல் இப்போது தலைமை ஆசிரியர் அறையில் இருக்கிறது.

அன்று கணக்கை இன்னும் கண்ணால் காட்ட நினைத்து, எங்கள் வகுப்பறைக் கூரையை எடுத்துக்கொண்டேன். கண்மதிப்பாக நீளம் 8 மீட்டர், அகலம் 6 மீட்டர். 48 சதுர மீட்டர். 950ஆல் பெருக்கினால் 45,600 லிட்டர். இந்த ஒரு கூரையில் மட்டும் ஒரே நாளில் விழுந்தது 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் கிட்டத்தட்ட நான்கு என்று பலகையில் எழுதினேன். வாயைப் பிளந்து பார்த்தார்கள். எனக்கும் திருப்தி.

மறு வாரம் டப்பாவில் முதலில் கையில் வந்த சீட்டு: “டீச்சர், நம்ம வகுப்பு அகலம் 6 மீட்டர் இல்ல. எங்க அப்பா கொத்தனார் டேப்ப வாங்கிட்டு வந்து மதியம் அளந்தோம். 5.5தான். பாத்த எடம்: நம்ம வகுப்பு. சொன்னது: நாங்க மூணு பேரு.”

பலகைத் துடைப்பானை எடுத்து 45,600ஐ அழித்துவிட்டு 41,800 என்று எழுதினேன்.